90 லட்சம் வருஷத்தை ஒரே படத்தில் அடைக்க முடியாது

குழந்தைகளுக்கான டைனோசர் புத்தகம் எதை எடுத்தாலும், ஜுராசிக் காலத்துக்கென்று இரண்டு பக்கம் விரித்து ஒரு படம் போட்டிருப்பார்கள். முதுகுத் தட்டுகளோடு ஸ்டெகோசாரஸ் நிற்கும், அலோசாரஸ் வாயைப் பிளந்துகொண்டு அதன்மேல் பாயும், பின்னால் பிராக்கியோசாரஸ் மர உச்சியை மேயும், இன்னும் பின்னால் டிப்ளோடோகஸ் கூட்டம், சுற்றிலும் பச்சைப்பசேலென்று காடு, நடுவில் ஒரு சதுப்புக் குளம். இந்த விலங்குகள் எல்லாம் உண்மை. இவற்றின் எலும்புகள் ஒரே பாறையடுக்கிலிருந்து வந்தவை என்பதும் உண்மை. ஆனாலும் அந்தப் படத்தில் இரண்டு பெரிய தப்பு இருக்கிறது. அதில் இருக்கும் விலங்குகளில் சில, மற்றவற்றை ஒருநாளும் பார்த்திருக்க முடியாது. அடுத்தது அந்தப் பச்சை. அந்த நிலம் பெரும்பாலும் தண்ணீருக்கு ஏங்கிய நிலம்.

அந்தப் பாறையடுக்குக்கு மாரிசன் என்று பெயர். அமெரிக்காவின் மேற்கில் நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா, வயோமிங், மொன்டானா என்று சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. இந்தியாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பெரும்பகுதி மண்ணுக்கடியில். மலை மடிந்து தூக்கிய இடத்திலும் ஆறு அரித்துத் திறந்துவிட்ட இடத்திலும் அதன் விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விளிம்புகளில் கிடைத்தது. வயது ஏறக்குறைய 15 கோடியே 60 லட்சம் வருஷத்திலிருந்து 14 கோடியே 70 லட்சம் வருஷம் வரை. அடியிலிருந்து உச்சிக்கு 90 லட்சம் வருஷம். நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் வருஷம்தான். அதைப்போல 30 மடங்கு காலம் இந்த ஒரு அடுக்குக்குள் இருக்கிறது. அவ்வளவு காலத்தில் ஒரு நிலம் அப்படியே இருக்குமா?

நான் டென்வர் பக்கம் இருக்கிறேன். மாரிசன் என்பது நகரத்தை ஒட்டி, மலை தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். 1877-இல் ஆர்தர் லேக்ஸ் என்ற ஆசிரியர் இந்த ஊர்ப்பக்கம் ஒரு மலைமுகட்டில் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டுபிடித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிர் ஆய்வாளர் மார்ஷுக்குக் கடிதம் போட்டார், பதில் வரத் தாமதமானது, கொஞ்சம் எலும்பை மார்ஷின் பரம எதிரியான கோப் என்ற இன்னொரு ஆய்வாளருக்கும் அனுப்பிவிட்டார், உடனே மார்ஷ் 100 டாலர் அனுப்பி விஷயத்தை வெளியே சொல்லாதீர்கள் என்றார். அதே வருஷம் கொலராடோவின் கேன்யன் சிட்டியிலும் வயோமிங்கின் கோமோ பிளஃபிலும் எலும்புகள் வெளியே வர, இரண்டு பேரும் ஆள் வைத்துத் தோண்டித் தள்ளினார்கள். எலும்புப் போர் என்று இதைக் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிய ஈர்ப்பு கிடையாது. அந்த அவசரத்தில் என்ன தொலைந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது. ஸ்டெகோசாரஸ், அபடோசாரஸ், அலோசாரஸ் எல்லாம் அந்த 1877-இல் பெயர் பெற்றவை, சரி. ஆனால் எந்த எலும்பு அடுக்கில் எந்த மட்டத்தில் கிடைத்தது, பக்கத்தில் என்ன மண் இருந்தது, எத்தனை சின்ன ஓடு, எத்தனை மீன் செதில் இருந்தது என்ற குறிப்பெல்லாம் அன்றைக்குப் பல இடங்களில் அரைகுறை. பெரிய எலும்பு போதும் என்று இருந்தார்கள். அந்த நிலம் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடியவை அந்தச் சின்னப் பொருட்கள்தான்.

மாரிசன் ஊரை ஒட்டிய அந்த முகட்டை இன்றைக்கு டைனோசர் ரிட்ஜ் என்கிறார்கள். மேற்குச் சரிவில் பழுப்பு நிற எலும்புகள் மணற்கல்லில் பாதி புதைந்து நிற்கும், கை வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். அதற்குக் கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடம் உண்டு, பலர் பார்க்காமலே போய்விடுவார்கள். பாறையின் வெட்டுமுகத்தில் மெல்லிய அடுக்குகள் வரிவரியாகப் போகின்றன, போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஓரிடத்தில் எல்லா வரியும் சேர்ந்து கீழ்நோக்கிக் குழிந்து, மறுபடி மேலேறி, நேராகத் தொடர்கின்றன. சாரோபாட் என்னும் நீளக்கழுத்து டைனோசர் ஒன்று ஈரமண்ணில் கால் வைத்த இடம் அது. நாம் வழக்கமாகக் காலடித் தடத்தை மேலிருந்து பார்ப்போம், இங்கே பக்கவாட்டில், மண்ணை அறுத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். அமுங்கியது மேல் அடுக்கு மட்டுமில்லை, அதற்குக் கீழே இருந்த அடுக்குகளும் அந்தக் கனத்தில் வளைந்திருக்கின்றன. நான் அங்கே போனால் ரொம்ப நேரம் நின்றுவிடுவேன். எலும்பு, செத்த விலங்கு. இது உயிரோடு, ஈரமான ஒரு கரையில், ஏதோ ஒரு பருவத்தில் நடந்துபோனது.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நாள் நின்றது என்பதுதான் மாரிசனைப் பொறுத்தவரை முதல் கேள்வி.

அடியிலிருந்து தொடங்கலாம். மாரிசனுக்கு முன்னால் இந்த இடத்தில் கடல் இருந்தது. வடக்கிலிருந்து உள்ளே நீண்டு வந்திருந்த ஆழமில்லாத கடல், சண்டான்ஸ் கடல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது மெல்ல வடக்கே பின்வாங்க, விட்டுப்போன கரையில்தான் மாரிசனின் முதல் படிவுகள் விழுந்தன. அதனால் அடிமட்டத்தில் சில இடங்களில் ஜிப்சம் கிடைக்கிறது, உப்புநீர் வெயிலில் வற்றினால் மிஞ்சுவது. தெற்கே, இன்றைக்கு நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும் பகுதியில், காற்று குவித்த மணல்மேடுகள் அப்படியே கல்லாகி நிற்கின்றன. அதாவது தொடக்கத்தில் ஒருபக்கம் உப்புக்கரை, ஒருபக்கம் பாலைவனம். அப்புறம் தென்மேற்கு மேட்டுநிலங்களிலிருந்து ஆறுகள் மணலை வாரிக்கொண்டு வந்து, பல கிளைகளாகப் பிரிந்து பிரிந்து ஓடின. யூட்டாவிலும் மேற்குக் கொலராடோவிலும் அந்த மணற்கல் பகுதியை சால்ட் வாஷ் என்கிறார்கள். அதற்கும் மேலே பிரஷி பேசின். இங்கே மணல் குறைந்து களிமண் ஏறுகிறது, அந்தக் களிமண்ணில் எரிமலைச் சாம்பல் மிகுதி, ஏனென்றால் மேற்கே எரிமலைத் தொடர் ஒன்று விடாமல் கக்கிக்கொண்டிருந்தது. வடக்கே மொன்டானாவில் மாரிசனின் உச்சிக்குப் போனால் நிலக்கரியே கிடைக்கிறது, நல்ல ஈரமும் செடிகொடியும் இல்லாமல் நிலக்கரி கிடையாது. ஆக, ஒரே பெயருள்ள அடுக்குக்குள் அடியில் மணல்மேடு, உச்சியில் நிலக்கரி. மொத்தத்தில் மேலே போகப் போக ஈரம் கூடுகிறது, வடக்கே போகப் போகவும் கூடுகிறது.

எரிமலைச் சாம்பல் என்றேனே, அந்தச் சாம்பலால் நமக்கு ஒரு பெரிய நன்மை. அதிலுள்ள படிகங்களில் ஆர்கான் அளவை வைத்து வயது கணக்கிடலாம். மாரிசனுக்கு நாம் சொல்லும் வயதெல்லாம் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

இப்போது வறட்சிக்கு வருகிறேன். பிரஷி பேசின் மண்மேடுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பு, ஊதா, சாம்பல், வெளிர்பச்சை என்று பட்டை பட்டையாக இருக்கும். புகைப்படத்துக்கு அழகு, ஆனால் அது அழகுக்காக வந்த நிறமில்லை. தண்ணீர் வடிந்து காற்றுப் பட்ட மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும். தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத மண் சாம்பலாகவும் பச்சையாகவும் நிற்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு பழைய நிலத்தரை, அந்தத் தரையில் தண்ணீர் நின்றதா வடிந்ததா என்பதை நிறம் சொல்லிவிடுகிறது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், சிவப்புப் பட்டைகளில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள், கோலிக்குண்டு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும். நம் ஊர் மானாவாரி விவசாயிகளுக்கு இதைக் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள், சுக்கான் கல். மழை கொஞ்சம், ஆவியாவது அதிகம் என்றிருக்கும் மண்ணில், கீழே இறங்க முடியாத சுண்ணாம்பு அங்கேயே திரண்டு கட்டியாகிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கலப்பையில் மாட்டுவதும் 15 கோடி வருஷத்துக்கு முந்தைய யூட்டாவில் மண்ணுக்குள் திரண்டதும் ஒரே வேலைதான்.

காரணம் மேற்கே எழுந்த மலைகள். கடலிலிருந்து வந்த ஈரக்காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்கியது. மழை பெரிதாக இல்லையென்றாலும் மலையில் பெய்த நீர் ஆறாகவும் நிலத்தடி நீராகவும் சமவெளிக்கு வந்து சேர்ந்தது. எனவே நிலம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஆற்றங்கரையை ஒட்டி மரங்கள், அதைத் தாண்டினால் பெரணி படர்ந்த திறந்த வெளி, மழைக்காலத்தில் பசுமை, கோடையில் காய்ந்த தரை. புல் கிடையாது, பூக்கும் செடியும் கிடையாது, இரண்டுமே பின்னால் வந்தவை. ஊசியிலை மரங்கள், ஜிங்கோ, சைக்கஸ் வகைகள், மரப்பெரணிகள், நீரோரத்தில் குதிரைவால் செடி. நம்மூரில் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறார்களே, அந்த அரக்கேரியாவின் குடும்பத்து மரங்களும் அங்கே இருந்தன. எவ்வளவு வறட்சி, எவ்வளவு காடு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. பெரிய மரத்தண்டுகள் கிடைத்த இடங்களைக் காட்டி, நீங்கள் சொல்லும் அளவுக்குக் காய்ந்துபோகவில்லை என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேசுவது வேறு வேறு இடத்தை, வேறு வேறு லட்சம் வருஷத்தை.

இதில் எனக்கு மிகப் பிடித்த சாட்சி ஆற்று மட்டி.

யூட்டா, கொலராடோ எல்லையில் டைனோசர் தேசிய நினைவிடம் இருக்கிறது. கார்னகி அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடிக்கொண்டிருந்த எர்ல் டக்ளஸ் 1909 ஆகஸ்ட் 17 அன்று அங்கே ஒரு பாறைமுகட்டில் அபடோசாரஸின் வால் எலும்பு எட்டு, வரிசை கலையாமல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பல வருஷம் தோண்டி வண்டி வண்டியாக அனுப்பினார்கள். மிச்சத்தைத் தோண்டாமல், பாறையிலேயே செதுக்கிக் காட்டலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். அப்படி விட்டு வைத்த சுவரில் இன்றைக்குச் சுமார் 1,500 எலும்புகள். சாய்ந்து நிமிர்ந்த ஒரு மணற்கல் சுவர், அதில் தொடையெலும்பு, முதுகெலும்பு, கழுத்தெலும்பு, ஒரு கமரசாரஸ் மண்டையோடு என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒரே பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் இழுத்துவந்து போட்டதுபோல். அது ஒரு ஆற்றின் படுகை. வறட்சியில் ஆற்றோரம் வந்து செத்த விலங்குகளை அடுத்துவந்த வெள்ளம் வாரிக் குவித்தது என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம்.

சுவரைச் சுற்றிக் கட்டிய கட்டிடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், விஷயத்தோடு சம்பந்தப்பட்டதுதான். 1958-இல் திறந்த அந்தக் கண்ணாடிக் கட்டிடம் நின்றது சாம்பல் கலந்த அதே களிமண் மேல். ஈரம் பட்டால் அந்த மண் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பொரிந்து நொறுங்கும். தரை எழும்பி, சுவர் விரிசல் விட்டு, ஒரு கட்டத்தில் ஆபத்து என்று 2006-இல் மூடிவிட்டார்கள். ஆழமாக அஸ்திவாரம் இறக்கிப் புதிதாகக் கட்டி 2011-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஜுராசிக் எரிமலைகளின் சாம்பல் இத்தனை கோடி வருஷம் கழித்து ஒரு கட்டிடத்தையே அசைத்துவிட்டது.

மட்டிக்கு வருகிறேன். மாரிசனின் ஆற்று மணற்கற்களில் நன்னீர் மட்டி ஓடுகள் கிடைக்கின்றன, இன்றைய ஆற்று மட்டிகளின் உறவுக் குடும்பம். இந்த வகை மட்டியின் வாழ்க்கை வினோதமானது. அதன் குஞ்சு தானாக வளராது. ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ தொற்றிக்கொண்டு கொஞ்ச காலம் வாழ்ந்து, அப்புறம் உதிர்ந்து அடிமணலில் புதைந்து வளரும். வருஷக்கணக்கில் உயிர்வாழும். ஆகவே ஓரிடத்தில் வளர்ந்து முதிர்ந்த மட்டி கிடைக்கிறதென்றால், அந்த ஆறு வருஷம் முழுக்க ஓடியிருக்க வேண்டும், தண்ணீரில் காற்று கலந்திருக்க வேண்டும், மீனும் இருந்திருக்க வேண்டும். ஓட்டை அறுத்துப் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள். பருவம் மாறி மாறி வந்ததற்கு அடையாளம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஓடு இத்தனையும் சொல்கிறது, 20 மீட்டர் நீள எலும்புக்கூடு இதில் ஒன்றையும் சொல்லாது. மட்டி கிடைக்காத குளத்தில், நுரையீரல்மீன் பல்தட்டு மட்டும் கிடைத்தால் கதை வேறு. தண்ணீரில் காற்று குறைந்தாலும் தலையை வெளியே நீட்டி மூச்சுவிடக்கூடிய மீன் அது. கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகை தோண்டிய வளைகளும் அப்படித்தான். வளை எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு ஆழத்தில் நிலத்தடி நீர் இருந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். எலும்பைத் தேடி வந்தவர்கள் நூறு வருஷம் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்களே என்று எனக்கு ஆதங்கம்தான்.

சரி, வறண்ட நிலம் என்றால் அங்கே எப்படி இத்தனை ராட்சத விலங்குகள்? இந்தக் கேள்வியை யாரும் தாண்டிப் போக முடியாது. டிப்ளோடோகஸ், அபடோசாரஸ், புரொன்டோசாரஸ், பாரோசாரஸ், கமரசாரஸ், பிராக்கியோசாரஸ், சூப்பர்சாரஸ் என்று சாரோபாட் வகைகளே அடுக்கிக்கொண்டு போகலாம். இன்றைய ஆப்பிரிக்காவில் யானை என்று ஒன்றிரண்டு இனம்தான் இருக்கின்றன.

பதிலில் ஒரு பகுதி பல்லில் இருக்கிறது. டிப்ளோடோகஸின் பல் பென்சில்போல் மெலிந்தது, வாய் சதுரமாக அகன்றது. தரையோடு ஒட்டிய செடிகளை மொத்தமாக வழித்து இழுக்கும் வாய். கமரசாரஸின் பல் தடித்து அகன்றது, தாடை பலமானது, முரட்டு இலையையும் கடிக்கும். 2013-இல் வந்த ஒரு ஆய்வு பற்களை நுண்ணோக்கியில் வைத்து, தினமும் படியும் கோடுகளை எண்ணியது. டிப்ளோடோகஸ் ஒவ்வொரு பல்லையும் ஏறக்குறைய 35 நாளைக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறது, கமரசாரஸ் 62 நாளைக்கு ஒருமுறை. மண்ணும் மணலும் ஒட்டிய தரைச் செடியை மேய்ந்தால் பல் சீக்கிரம் தேயும், சீக்கிரம் மாற்ற வேண்டும். ஒரே ஆற்றங்கரையில் நின்றாலும் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடவில்லை.

இன்னொரு பகுதி நடை. 2011-இல் கமரசாரஸ் பல்லின் எனாமலில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை, அளந்தார்கள். குடித்த தண்ணீரின் அடையாளம் பல்லில் பதியும். மலைநீருக்கு ஒரு விகிதம், சமவெளி நீருக்கு ஒரு விகிதம். பல்லில் கிடைத்த விகிதம் அது செத்துக் கிடந்த சமவெளியின் நீரோடு ஒத்துப்போகவில்லை. வருஷத்தில் ஒரு பருவத்தில் மேட்டுநிலத்துக்குப் போய், அங்கே குடித்துவிட்டு, மறுபடி இறங்கி வந்திருக்கின்றன. தூரம் சுமார் 300 கிலோமீட்டர். கோடையில் சமவெளி காய்ந்ததும் மலைநோக்கி ஒரு கூட்டம் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். பெரிய உடம்பு இங்கே பாரமில்லை, வசதி. எடைக்கு எடை பார்த்தால் பெரிய விலங்குக்குத் தீனி குறைவாகப் போதும், பட்டினி தாங்கும், நீண்ட தூரம் நடக்கும், மட்டமான தீனியையும் பெரிய வயிற்றில் நாள்கணக்கில் ஊறவைத்துச் செரிக்கும். குதிரைவால் செடியும் அரக்கேரியாவும் நாம் நினைத்ததைவிடச் சத்தானவை என்று ஆய்வுக்கூடத்தில் நொதிக்கவைத்துப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள். வறட்சியையும் மீறி ராட்சதர்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்வதைவிட, அந்த வறட்சி ராட்சதர்களுக்குத்தான் தோதாக இருந்தது என்று சொல்வேன்.

ஆனால் தாங்காத வருஷங்களும் இருந்தன. மொன்டானாவில் ஒரு குழியில் கிடைத்த டிப்ளோடோகஸ் வகை எலும்புகள் கிட்டத்தட்ட முழுக்க இளசுகளுடையவை. வளர்ந்தவற்றிலிருந்து பிரிந்து தனிக்கூட்டமாகத் திரிந்து, வறட்சியில் ஒன்றாகச் செத்திருக்கலாம் என்கிறார்கள். யூட்டாவின் கிளீவ்லண்ட்-லாய்டு குழியோ எல்லாரையும் குழப்பும் இடம். பத்தாயிரத்துக்கு மேல் எலும்பு, அதில் பெரும்பங்கு ஒரே ஊனுண்ணியான அலோசாரஸ், குறைந்தது 46 விலங்குகள். இரைவிலங்கை விட வேட்டை விலங்கு அதிகமாகக் கிடப்பது இயல்பே இல்லை. சேற்றில் மாட்டிய ஒன்றைத் தின்ன வந்து ஒவ்வொன்றாக மாட்டின என்பது பழைய விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள், வற்றிவரும் ஒரு குட்டையையும் வறட்சியையும், மழை வரும்போதெல்லாம் சுற்றுப்புறத்துப் பிணங்கள் அதில் வந்து சேர்ந்ததையும் சொல்கின்றன. பிணங்கள் அழுகியே அந்தத் தண்ணீர் எதுவும் வாழ முடியாததாகியிருக்கும். அந்தக் குழியில் மீனும் ஆமையும் மிக அரிது. இங்கேயும் பாருங்கள், இல்லாத சின்ன உயிர்கள்தான் சாட்சி.

கொலராடோவின் மிகாட்-மூர் குழியில் கிடைத்த 2,368 எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. ஏறக்குறைய 29 சதவீதத்தில் பல்தடம். சாதாரணமாக டைனோசர் குழிகளில் இவ்வளவு இருக்காது. சதைப்பற்றில்லாத விரல் எலும்பில்கூடக் கடித்த தடம், அலோசாரஸை அலோசாரஸே தின்றதற்கும் தடயம். நல்ல காலத்தில் யாரும் விரலெலும்பைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பெரிய விலங்குகளின் காலடியில் இன்னொரு உலகம் இருந்தது. கோமோ பிளஃபில் மார்ஷின் ஆட்கள் தோண்டிய ஒன்பதாம் எண் குழியிலிருந்து பாலூட்டிகளின் தாடைகளும் பற்களும் வந்தன, எலி, மூஞ்சூறு அளவு. கொலராடோவின் ஃப்ரூட்டா பகுதியில் கிடைத்து 2005-இல் பெயர் சூட்டப்பட்ட ஃப்ரூட்டாஃபாசர் என்னும் சின்னப் பிராணிக்குத் தோண்டுவதற்கென்றே முன்னங்கால், எனாமல் இல்லாத குழல்போன்ற பல். இன்றைய ஆர்மடில்லோ மாதிரிப் பூச்சி தின்றிருக்க வேண்டும், பெரும்பாலும் கறையான். மாரிசனில் கறையான் புற்றுகளின் தடம் என்று அடையாளம் கண்டவையும் இருக்கின்றன. கறையான் தின்பதற்கென்று உடம்பை மாற்றிக்கொண்ட பாலூட்டி ஜுராசிக்கிலேயே இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு டிப்ளோடோகஸைவிட இதன்மேல்தான் ஆச்சரியம்.

சால்ட் வாஷ் மணற்கல்லில் யுரேனியமும் இருக்கிறது. பழைய மரத்தண்டையும் எலும்பையும் சுற்றி நிலத்தடி நீர் கொண்டுவந்து சேர்த்தது. 1940-களிலும் 50-களிலும் அதைத் தோண்டியவர்களில் நவாஹோ பழங்குடியினர் ஏராளம், காற்றோட்டமே இல்லாத சுரங்கங்களில் வேலை செய்து நுரையீரல் புற்றுநோயால் செத்தார்கள். மாரிசனைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் கதிர்வீச்சே பின்னால் ஒரு எலும்பைக் காட்டியும் கொடுத்தது: டைனோசர் நினைவிடத்தில் தலையில்லாமல் கிடைத்த ஒரு அலோசாரஸின் மண்டையோட்டை 1996-இல் கதிர்வீச்சு அளவிடும் கருவியை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

அந்த விலங்கு அலோசாரஸ் ஃப்ராஜிலிஸ் இல்லை என்று 2020-இல் முடிவாகி, அலோசாரஸ் ஜிம்மாட்செனி என்று தனிப்பெயர் கிடைத்தது. மண்டையோடு மெலிந்தது, கண்ணுக்கு முன்னால் உள்ள கொம்பு உயரமானது. முக்கியமான விஷயம், இது மாரிசனின் கீழ்ப்பகுதியில் கிடைப்பது, நாம் அறிந்த ஃப்ராஜிலிஸ் மேல்பகுதியில். புத்தகத்தில் அலோசாரஸ் என்று ஒரே படம். மண்ணிலோ ஒரு இனம் முன்னால், இன்னொரு இனம் பின்னால்.

இப்படி யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்று பிரிப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. கடற்படிவு என்றால் ஒரு அடுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விட்டுப்போகாமல் தொடரும். இது ஆறு போட்ட படிவு. ஆறு இடம் மாறும், பழைய படிவை அரிக்கும், இங்கே மணல் போட்டால் பத்து கிலோமீட்டர் தள்ளி சேறு போடும். வயோமிங்கில் ஒரு குழியும் யூட்டாவில் ஒரு குழியும் ஒரே காலமா என்று பாறையின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. 2019-இல் சுசானா மெய்ட்மென்ட்டும் ஏட்ரியன் மக்ஸ்வர்தியும் சாம்பல் வயதுகளையும் பாறையில் உறைந்த காந்தப்புலத் தகவலையும் படிவுகள் மாறும் முறையையும் சேர்த்து வைத்து, மாரிசன் முழுவதற்கும் ஒரு கால அட்டவணை போட்டார்கள். புகழ்பெற்ற குழிகள் பல ஒன்றுக்கொன்று லட்சக்கணக்கான வருஷம் தள்ளியிருப்பது அதில் தெரிகிறது. அப்படியென்றால் சாரோபாட் பட்டியலை நான் மேலே அடுக்கினேனே, அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மேய்ச்சலில் நின்றவை இல்லை. பலவகை இருந்தன, ஆனால் முறைவைத்து வந்துபோயின. இதனால் அந்த விலங்குகளின் பெருமை குறையவில்லை. ஒரு நிலம் உப்புக்கரையாக, மணல்மேடாக, ஆறாக, சதுப்பாக மாறிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டம் பொருந்தி வாழ்ந்தது என்பது ஒரே படத்தைவிட எவ்வளவோ பெரிய கதை.

உச்சியில் மாரிசன் திடீரென்று முடிந்துபோகிறது. யூட்டாவில் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பது ஜுராசிக்குக்கு அடுத்த கிரெடேசியஸ் காலத்து சீடார் மவுண்டன் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் பல மில்லியன் வருஷத்துக்கான படிவே இல்லை, ஒன்று விழவில்லை, அல்லது விழுந்தது அரித்துப் போய்விட்டது. மேலே யூட்டாராப்டர், கவசம் பூண்ட காஸ்டோனியா என்று வேறு கூட்டம். ஸ்டெகோசாரஸ் இல்லை, டிப்ளோடோகஸ் இல்லை. போனது எப்படி என்று சொல்ல வேண்டிய பக்கம்தான் கிழிந்திருக்கிறது.

போக முடிந்தவர்கள் டைனோசர் நினைவிடத்தின் யூட்டா பக்கம், ஜென்சன் ஊர் வழியாகப் போங்கள். எலும்புச் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே பேருந்தில் திரும்பிவிடாமல், அங்கிருந்து இறங்கும் ஃபாசில் டிஸ்கவரி டிரெயில் வழியாக நடந்து வாருங்கள், 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாறைகள் செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால் சில நிமிட நடையில் கோடிக்கணக்கான வருஷத்தைக் கடக்கலாம்: ஸ்டம்ப் அடுக்கில் மாரிசனுக்கு முந்தைய கடலின் சிப்பிகள், மாரிசனில் பாறையோடு இருக்கும் எலும்பு, மௌரி களிப்பாறையில் மறுபடி வந்த கடலின் மீன் செதில்கள். கோடையில் நிழலே கிடையாது, தண்ணீர் கட்டாயம் எடுத்துப் போங்கள். எலும்பைத் தொடலாம், எதையும் எடுத்துவரக் கூடாது, ஒரு சின்ன ஓட்டுத்துண்டைக்கூட.